தொண்டு சைக்கிள் பயணத்துக்குப் பேர் கொடுக்கலாமா? ஏற்காடு மலையை வைத்து ஒரு பதில்

கேட்டவர் சேலத்தில் வேலை பார்ப்பவர், நாற்பதைத் தாண்டியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னங்குறிச்சிப் பக்கம் சைக்கிள் ஓட்டுபவர். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு நிதி திரட்ட அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஒரு சைக்கிள் பயணம் நடக்கப்போகிறது, நுழைவுக் கட்டணம் 1,500 ரூபாய். "கலந்துகொள்ளலாமா, இல்லை அந்த 1,500-ஐ நேராக ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கலாமா? அப்புறம், என் வண்டியும் உடம்பும் அந்த மலையைத் தாங்குமா?" என்பது அவர் கேள்வி.

போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த 1,500 ரூபாயைத் தர்மக் கணக்கில் எழுதாதீர்கள், அது உங்கள் பொழுதுபோக்குச் செலவு. தர்மம் என்று ஒன்று நடக்க வேண்டுமானால் அதற்குப் பிறகு நீங்கள் செய்யப்போகும் வேலையில்தான் நடக்கும், அந்த வேலைக்கும் சைக்கிளுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 பேர் வருகிறார்கள், தலைக்கு 1,500 என்றால் மொத்தம் நாலரை லட்சம். கேட்கும்போது பெரிய தொகைதான். அதில் திருப்பூரிலிருந்து வரும் டீ-ஷர்ட்டுக்கு ஒரு 250, பதக்கத்துக்கு 150, காலை டிபனும் வழியில் பழமும் தண்ணீரும் 200 என்று வைத்துக்கொள்வோம், அதிலேயே தலைக்கு 600 போய்விட்டது. இதற்கு மேல் ஆம்புலன்ஸ், விபத்துக் காப்பீடு, மேடை, மைக் செட், நேரம் குறிக்கும் சிப், பேனர், ஆன்லைனில் பணம் கட்டும்போது பிடிக்கும் கமிஷன், நிகழ்ச்சியை நடத்தித் தரும் கம்பெனியின் கூலி. எல்லாம் சேர்ந்து ஒரு 1,80,000 ஆனால் தலைக்கு இன்னொரு 600. கடைசியில் குழந்தைகளுக்குப் போவது தலைக்கு 300, மொத்தம் 90,000. இது நான் உத்தேசமாகப் போட்ட கணக்குதான், யார் கணக்குப் புத்தகத்தையும் பார்த்து எழுதியதல்ல. ஸ்பான்சர் கிடைத்தால் மாறும், ஆள் குறைந்தால் கையை விட்டே போகும். யாரும் திருடவில்லை, ஆனால் நீங்கள் கொடுத்ததில் பெரும்பகுதி உங்களிடமே டீ-ஷர்ட்டாகவும் இட்லியாகவும் திரும்பி வந்துவிட்டது. அந்த வகையில் பார்த்தால் உங்கள் சந்தேகம் சரி: 1,500-ஐ நேராகக் கொடுப்பதுதான் ஆஸ்பத்திரிக்கு லாபம்.

இப்போது அதே 300 பேரும் ஆளுக்கு 5,000 ரூபாய் தங்கள் சொந்தபந்தத்திடமும் ஆபீஸிலும் கேட்டு வாங்கித் தந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பதினைந்து லட்சம். அதில் டீ-ஷர்ட் செலவு ஒரு பைசா கிடையாது, அது ஏற்கெனவே கட்டணத்தில் முடிந்துபோனது. தொண்டு சைக்கிள் பயணம் என்ற ஏற்பாட்டுக்கே இதுதான் அடிப்படை, நம் ஊரில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்.

வெளிநாட்டில் இதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980-லிருந்து நடக்கும் பான்-மாஸ் சேலஞ்ச் என்ற பயணத்தில், சைக்கிள் ஓட்டுகிறவர் திரட்டித் தரும் பணம் முழுவதும் டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குப் போகிறது. சாப்பாடு, மேடை மாதிரியான நடத்தும் செலவைப் பதிவுக் கட்டணத்திலும் ஸ்பான்சர்களிடமும் வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு கல்லாப்பெட்டி, ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பணம் போகாது, அவ்வளவுதான் ரகசியம். கூடவே ஒரு கண்டிப்பும் உண்டு: இவ்வளவு திரட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட தொகையில் குறைந்தால், மீதியை உங்கள் கார்டிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். நம் ஊர் ஆட்கள் இதைக் கேட்டாலே ஓடிவிடுவார்கள், ஆனால் அந்தப் பயம் இருப்பதால்தான் அங்கே பணம் சேருகிறது.

மாறாகவும் நடந்திருக்கிறது. 1994-ல் கலிஃபோர்னியாவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஒரு பெரிய பயணம் தொடங்கினார்கள், அதை நடத்தியது லாபத்துக்கு இயங்கும் ஒரு கம்பெனி. கோடிக்கணக்கில் வசூலானது, புகழும் வந்தது, கூடவே செலவே இவ்வளவா என்று சண்டையும் வந்தது. 2002-ல் அந்தக் கம்பெனியை மூட வேண்டியதாயிற்று. செலவு செய்வதே பாவம் என்று நான் நினைக்கவில்லை, நல்லபடி நடத்த வேண்டுமானால் செலவு ஆகத்தான் செய்யும். எவ்வளவு ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை இல்லை.

அதனால் நடத்துகிறவர்களுக்கு ஒரு போன் போட்டு, கட்டணத்தில் எவ்வளவு தொண்டுக்குப் போகிறது, நான் தனியாகத் திரட்டினால் அது எந்த அக்கவுண்டுக்குப் போகும், முடிந்த பிறகு கணக்கை வெளியிடுவீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். "அதெல்லாம் நல்ல காரியத்துக்குத்தான் சார் போகுது" என்று இழுத்தால், ஜாலியாக சைக்கிள் மட்டும் ஓட்டிவிட்டு வாருங்கள், உங்கள் நண்பர்களிடம் பணம் கேட்காதீர்கள்.

சரி, நான் சைக்கிள் மிதித்தால் இன்னொருவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. மிதிப்பதால் எந்தக் குழந்தைக்கும் மருந்து கிடைக்கப் போவதில்லை. ஆனாலும் கொடுக்கிறார்கள். கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபிர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: விருந்து வைத்து நிதி திரட்டுவதைவிட, உடம்பை வருத்திச் செய்யும் காரியத்துக்கு மக்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. நம் ஆட்களுக்கு இதை ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டியதில்லை. எடப்பாடியிலிருந்து வருஷா வருஷம் தைப்பூசம் முடிந்து பழனிக்குக் காவடி எடுத்து நடந்து போகிறார்களே, வழியெங்கும் முன்பின் தெரியாதவர்கள் பந்தல் போட்டு மோரும் சோறும் கொடுக்கிறார்கள். ஒருவன் வெயிலில் நடக்கிறான் என்றால் பார்க்கிறவன் கை தானாக நீளுகிறது. ஏற்காடு மலையை சேலத்துக்காரர் எல்லோரும் பஸ்ஸில் போயாவது பார்த்திருப்பதால், "அதைச் சைக்கிளில் ஏறப்போகிறேன்" என்று சொன்னால் உங்கள் பெரியப்பாவுக்குக்கூட அது எவ்வளவு கஷ்டம் என்று விளக்க வேண்டியதில்லை. மூக்கனேரியைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் என்றால் யாரும் நூறு ரூபாய்கூடத் தரமாட்டார்கள்.

மூக்கனேரி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010-ல் சேலத்து மக்கள் கூடி அந்த ஏரியைச் சீரமைக்க இறங்கினார்கள், தூர்வாரிய மண்ணை உள்ளேயே குவித்துத் திட்டுகளாக்கி மரம் வைத்தார்கள், இன்றைக்கும் அதில் பறவைகள் அடைகின்றன. கொடுத்த பணமும் செய்த வேலையும் எங்கே போயிற்று என்று யார் வேண்டுமானாலும் கரையில் நின்று பார்க்கலாம். உங்கள் சைக்கிள் பயணத்துக்காரர்களிடமும் அதே அளவு கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைக் கேளுங்கள். "புற்றுநோய்க் குழந்தைகளுக்கு" என்பதைவிட, "இந்த ஆஸ்பத்திரியில் வெளியூரிலிருந்து வரும் பெற்றோர் தங்கும் செலவுக்கு" என்று சொல்கிறவர்களுக்குப் பணம் கேட்பது உங்களுக்கும் எளிது.

கேட்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இங்கேதான் சொதப்புகிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போஸ்டரைப் போட்டால் பத்துக் கும்பிடும் நாலு கட்டைவிரலும் வரும், பணம் வராது. குரூப்பில் கேட்பது யாரிடமும் கேட்காததற்குச் சமம். ஒவ்வொருவருக்கும் தனியாக, அவர் பேரைச் சொல்லி எழுதுங்கள், தொகையையும் சொல்லிவிடுங்கள்: "அண்ணா, நான் 18-ஆம் தேதி ஏற்காடு ஏறுகிறேன், ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு 50 ரூபாய் என்று இருபது வளைவுக்கு 1,000 கொடுக்க முடியுமா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். முடியாது என்பவர் முடியாது என்பார், அதோடு விட்டுவிடுங்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடம் மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், அவர்கள் மறுக்க முடியாமல் கொடுப்பார்கள், அது தர்மமும் இல்லை, வசூல். முதல் பெயராக உங்கள் பெயரே இருக்கட்டும், உங்கள் பணத்தைக் கட்டணத்துக்கு மேல் தனியாகப் போட்டுவிட்டு அப்புறம் அடுத்தவரைக் கேளுங்கள்.

பணம் உங்கள் ஜிபே-க்கு வரக்கூடாது. இதில் நான் கறார். உங்கள் அக்கவுண்டில் வாங்கி மொத்தமாக அனுப்பினால் ரசீது உங்கள் பெயரில் வரும், கொடுத்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது, நாளைக்கு ஒருவர் "நான் கொடுத்தது போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்டால் ஸ்கிரீன்ஷாட் தேடிக்கொண்டிருப்பீர்கள். அறக்கட்டளையின் அக்கவுண்டுக்கே நேராகப் போடச் சொல்லுங்கள், பான் எண்ணோடு. அந்த அறக்கட்டளைக்கு, கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கும் அனுமதி (80ஜி என்பார்கள்) இருந்தால் வருமான வரித்துறைத் தளம் வழியாக நன்கொடைச் சான்றிதழ் கொடுப்பார்கள். ஆனால் வரிச்சலுகை என்று ஆசை காட்டிக் கேட்காதீர்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை இல்லை, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் இல்லை, இப்போது சம்பளக்காரர்களில் நிறையப் பேர் அந்த முறைக்குத்தான் போய்விட்டார்கள். உங்கள் 1,500 கட்டணத்துக்கும் கேட்காதீர்கள், டீ-ஷர்ட்டும் டிபனும் வாங்கிக்கொண்டு கொடுத்தது நன்கொடை ஆகாது.

விழிப்புணர்வுப் பேரணி என்று இன்னொரு ரகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, காலை ஆறு மணிக்கு அஸ்தம்பட்டியில் கொடி அசைப்பார்கள், ஆறரைக்குப் போட்டோ, ஏழு மணிக்கு எல்லோரும் வீட்டில். கெடுதல் ஒன்றும் இல்லை, பலன் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அதே மாதிரி, ஆட்களிடம் நிதி திரட்டி அந்த நிதியிலேயே விமான டிக்கெட்டும் ஓட்டலும் போட்டு லடாக்குக்கோ வியட்நாமுக்கோ கூட்டிப்போகும் தொண்டுப் பயணங்களும் உண்டு. அடுத்தவர் காசில் உல்லாசப் பயணம் போவதற்கு நோயாளியை ஏன் இழுக்க வேண்டும்?

இனி மலைக்கு வருவோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், இருபது கொண்டை ஊசி வளைவுகள். கணக்குப்படி சராசரி ஏற்றம் நூற்றுக்கு ஐந்து, ஆறு. குரூரமான மலை இல்லை, விடாமல் ஏறிக்கொண்டே இருக்கும் மலை. கன்னங்குறிச்சிச் சமதளத்தில் ஞாயிறுதோறும் ஓட்டிய கால்களுக்கு இது புதுசாக இருக்கும், ஏனென்றால் சமதளத்தில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி உருளும், இங்கே நிறுத்தினால் நிற்கும்.

கியர்தான் முதலில் பார்க்க வேண்டியது. முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் இருந்தால் சாதாரண ஆள் நிதானமாக ஏறலாம். பின்னால் பெரிய பல்சக்கரம் 25, 28 என்று இருந்தால் மூட்டு கெஞ்சும். கேசட்டை, அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை, மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை, ஆனால் செயினைக் கியருக்குக் கியர் தள்ளும் டிரெயிலியர் அதற்குத் தாங்குமா என்று கடையில் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். கியர் இல்லாத வண்டியில் ஏறும் ஆட்களும் உண்டு, அவர்களைப் பார்த்து நீங்கள் கிளம்ப வேண்டாம். முன்னாடியே இரண்டு மூன்று வாரம் அடிவாரத்திலிருந்து பாதி மலை வரை ஏறி இறங்கிப் பழகுங்கள். ஆரம்ப வளைவுகளில் சின்னப் பசங்கள் விருட்டென்று முந்துவார்கள், விடுங்கள், பத்தாவது வளைவுக்கு மேலே அவர்களில் பாதிப் பேர் மதில்மேல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். விழுகிறவர்கள் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். நீங்களும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்றால், ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கொஞ்சம் காற்றில் போகும், மீதி அத்தனையும் உங்கள் பிரேக்கில்தான் சூடாக இறங்குகிறது. பயத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிறவர்களுக்கு ரிம் தொட முடியாத அளவுக்குக் கொதித்து டியூப் வெடிக்கும், டிஸ்க் பிரேக்காக இருந்தால் பிரேக் கட்டை கருகிய வாசனை வரும், பிடித்தாலும் நிற்காது. நேர்ப்பாதையில் விட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் போகும்போது கையைத் தளர்த்துங்கள். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி ஆறவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கொடுக்கிற டீ-ஷர்ட் வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கும், மேலே போனதும் பனிக்காற்றில் உடம்பு நடுங்கும், விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க வராது. ஒரு மெல்லிய காற்றுச் சட்டையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதை உங்களுக்காகக் காலியாக இருக்காது. பஸ் வளைவில் திரும்பும்போது முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும், அதன் உள்பக்கம் நுழையவே கூடாது. வெளியூர்க் கார்கள் ஞாயிறு காலையில் வரிசையாக வரும், குரங்குகளுக்கு பிஸ்கட் போட நடுவளைவில் நிறுத்தும் ஆட்களும் உண்டு. மேலே ஏரியைத் தாண்டி 32 கிலோமீட்டர் சுற்றுப்பாதையும் பயணத்தில் இருந்தால், காபித் தோட்டங்களுக்கு நடுவே காட்டெருமை குறுக்கே நிற்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மணி அடிக்காதீர்கள், தூரமாக நின்று அது போனபிறகு போங்கள்.

நான் பார்த்த ஒரு பயணத்தில், யார் நடத்தியது என்பது வேண்டாம், சுற்றுச்சூழலுக்காக என்று பேனர் கட்டிவிட்டு வளைவுக்கு வளைவு தண்ணீர் பாக்கெட் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பாக்கெட் 2019 ஜனவரி 1 முதல் தடை. மத்தியானம் அதையெல்லாம் குரங்குகள் கடித்துக்கொண்டிருந்தன. உங்கள் பாட்டிலை எடுத்துப் போங்கள், வழியில் நிரப்பிக்கொள்ளலாமா என்பதையும் அந்த போன் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

உடம்பு விஷயத்தில் நான் டாக்டர் இல்லை, ஆனால் நாற்பது தாண்டி, வழக்கமாக மலை ஏறாதவர், பிரஷரோ சர்க்கரையோ இருக்கிறது, அப்பா அம்மா யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு என்றால், பேர் கொடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி ஓகே வாங்குங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் நீளமாக மிதிக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம், பையில் குளுக்கோஸ் இல்லாமல் கிளம்பக்கூடாது. நெஞ்சு இறுக்கமோ இடது கை வலியோ வந்தால் "இன்னும் நாலு வளைவுதான்" என்று மிதிக்காதீர்கள். மலையில் பாதியில் இருந்து சேலத்து ஆஸ்பத்திரிக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆம்புலன்ஸ் அடிவாரத்தில் நிற்கிறதா, நடு மலையில் நிற்கிறதா என்பது அதனால்தான் முக்கியம். கையெழுத்துக் கேட்கும் பொறுப்புத் துறப்புப் படிவத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள், காப்பீடு உண்டு என்றால் எவ்வளவுக்கு, இறங்கும் பாதைக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். சில பயணங்கள் ஏற்காட்டில் பதக்கம் போட்டதோடு முடிந்துவிடும், இறங்குவது உங்கள் பாடு.

மாதத்தையும் பாருங்கள். மே மாதம் கோடை விழாக் கூட்டம், அதோடு அடிவார வெயில். ஐப்பசி, கார்த்திகையில் மழை: 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து இந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் குப்பனூர், கொட்டச்சேடு வழியாக மாற்றிவிடுவார்கள், அது உங்களுக்குப் பழகாத பாதை. மழை வந்தால் தள்ளிவைப்பார்களா, கட்டணம் திரும்ப வருமா என்று கேளுங்கள். ஜனவரி, பிப்ரவரி என்றால் யோசிக்காமல் கட்டுங்கள்.

அன்றைக்கு ஏதோ காரணத்தால் போக முடியாமல் போனாலும், நீங்கள் கேட்டு வாங்கிய பணம் அறக்கட்டளைக்குப் போயிருக்கும், கொடுத்தவர்கள் யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. ஆனால் அடுத்த ஞாயிறோ அதற்கு அடுத்ததோ நீங்களாகவே மலையை ஏறி, இருபதாம் வளைவில் ஒரு போட்டோ எடுத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பிவிடுங்கள், ரோடு பொதுச்சொத்து, அதற்கு யாருக்கும் 1,500 கட்ட வேண்டியதில்லை. அறக்கட்டளை கணக்கை வெளியிட்டதும் அதையும் அனுப்புங்கள். அடுத்த வருஷம் நீங்கள் கேட்பதற்கு முன்பே இரண்டு பேராவது "இந்தத் தடவை எப்போ?" என்று கேட்பார்கள்.